வாழ்நாளில் ஒரே ஒரு பூப்பு: மணல்மேட்டின் பிச்சர் திஸில்

திஸில் என்ற செடிக்குத் தமிழில் நேரான பெயர் கிடையாது. தமிழ் விவிலியத்தில் அது ‘முட்பூண்டு’. மற்ற மொழிபெயர்ப்புகளில் முட்செடி என்றோ நெருஞ்சி என்றோ எழுதிவிடுகிறோம். நெருஞ்சி முற்றிலும் வேறு குடும்பம். நம் தரிசு நிலங்களில் மஞ்சள் பூவோடு நிற்கும் பிரம்மதண்டு பார்வைக்கு அச்சு அசலாகத் திஸில் போலவே இருக்கும்; ஆனால் அது கசகசா குடும்பத்தைச் சேர்ந்தது, மெக்சிகோவிலிருந்து வந்தது. நமக்குத் தெரிந்த செடிகளில் திஸிலுக்கு உண்மையான உறவு குசும்பாதான். எண்ணெய்க்காகப் பயிரிடுகிறோமே, அதே குசும்பா. இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தில் ஒரே கிளை.

பெயரே இல்லாத செடியைப் பற்றி எதற்கு இவ்வளவு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. வட அமெரிக்காவின் பேரேரிக் கரைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு திஸில் இருக்கிறது. பிச்சர் திஸில் என்று பெயர்; அறிவியல் பெயர் சிர்சியம் பிட்செரி. பல ஆண்டுகள் வாழ்ந்து, ஒரே ஒருமுறை பூத்து, செத்துப்போகும் செடி. தன் பெயரில் ‘திஸில்’ என்ற சொல் இருப்பதாலேயே, தான் செய்யாத தப்புக்குத் தண்டனை அனுபவிக்கிறது. இந்தக் கதையை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

முதலில் அந்தத் தப்பைப் பார்த்துவிடலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் விவசாயிகள் ‘திஸில்’ என்று முகம் சுளித்துச் சொல்லும்போது, அவர்கள் மனத்தில் இருப்பவை பெரும்பாலும் மூன்று செடிகள்: கனடா திஸில், புல் (bull, அதாவது காளை) திஸில், மஸ்க் திஸில். மூன்றுமே அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதவை. கனடா திஸில் என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். அது ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த செடி. தானிய விதைகளோடு கலந்து 17ஆம் நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தது. வெர்மான்ட் மாநிலம் 1795இலேயே இதற்கெதிராகச் சட்டம் போட்டது என்றால் தொல்லையின் அளவு புரியும். நம் வயலில் கோரை எப்படியோ அப்படி. வேர் மண்ணுக்கடியில் பக்கவாட்டில் ஓடும். உழும்போது வேர் துண்டுபட்டால், ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு புதுச் செடி.

மறுபக்கம், பிச்சர் திஸில் சேர்ந்த சிர்சியம் பேரினத்தில் வட அமெரிக்க மண்ணுக்கே உரிய இனங்கள் அறுபதுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வயலுக்கு வருவதே இல்லை. மலைச்சரிவு, சதுப்பு, புல்வெளி, மணல் என்று தங்களுக்கான இடத்தில் இருக்கின்றன. 1870இல் யெல்லோஸ்டோன் பகுதியை ஆராயப் போன குழுவிலிருந்து ட்ரூமன் எவர்ட்ஸ் என்பவர் வழி தவறி, 37 நாள் காட்டில் அலைந்தார். அவரை உயிரோடு வைத்தது அங்கே வளர்ந்த ஒரு சொந்த மண்ணின் திஸிலின் வேர். அந்தச் செடியை இன்றும் எவர்ட்ஸ் திஸில் என்று சொல்பவர்கள் உண்டு.

சரி, பிச்சர் திஸிலுக்கு வருவோம்.

பேரேரிகளில் மிச்சிகன், ஹூரான், சுப்பீரியர் ஆகிய மூன்றின் கரையிலும் மணல்மேடுகள் உண்டு. ஏரி என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துவிடக் கூடாது. மறுகரை கண்ணுக்குத் தெரியாது, அலை அடிக்கும், காற்று மணலை வாரிக் குன்று குன்றாகக் குவிக்கும். மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் உள்ளவை உலகின் மிகப் பெரிய நன்னீர்க்கரை மணல்மேடுகள். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு, மணல் இடம் மாறுவது என்றால் என்ன என்று சொல்லவேண்டியதில்லை. நம் கடற்கரையில் ராவணன் மீசையும் அடப்பங்கொடியும் மணலைப் பிடித்து வைப்பதைப் போல, அங்கே மாரம் புல் பிடித்து வைக்கிறது. அந்தப் புல்லுக்கு இடையில், பாதிக்கு மேல் வெறும் மணலாகக் கிடக்கும் திறந்த இடங்களில்தான் பிச்சர் திஸில் வளர்கிறது.

1820களில் அமெரிக்க ராணுவ மருத்துவராக இருந்த ஸைனா பிச்சர், சுப்பீரியர் ஏரியின் தென்கரையிலுள்ள கிராண்ட் ஸேபிள் மணல்மேட்டில் இந்தச் செடியைக் கண்டார். பிற்காலத்தில் டெட்ராய்ட் நகரத்தின் மேயராகவும் ஆனவர். செடிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்? திஸில் என்றால் கரும்பச்சை இலை, ஊசி முள், ஊதாப் பூ என்று பழகிய கண்ணுக்கு, இது திஸிலா என்றே சந்தேகம் வரும். இலைகள் வெளிறிய நீலப்பச்சை. நடுநரம்பு வரை பிளந்து, ஒடுங்கிய கீற்றுகளாக நீளும். இலை முழுவதும் வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுபோல மெல்லிய மயிர்கள். முள் உண்டு, கீற்றின் நுனியில் சின்னதாக. பூவும் ஊதா இல்லை. வெண்ணெய் நிறம், சிலவற்றில் இளஞ்சிவப்பு ஓடிய வெள்ளை. நன்றாக வளர்ந்தால் ஒரு மீட்டர் உயரம் வரை நிற்கும்.

அந்தப் பஞ்சுப் போர்வை சும்மா அழகுக்கு இல்லை. மணல்மேட்டில் வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். காற்று இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பறக்கும் மணல் அரம்போல இலையை ராவும். வெள்ளை மயிர் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, இலையை ஒட்டிக் கொஞ்சம் அசையாத காற்றைப் பிடித்துவைக்கிறது. இலை ஒடுங்கிய கீற்றுகளாக இருப்பதும் வெப்பம் தங்காமல் இருக்கத்தான். மேலே இவ்வளவு என்றால், கீழே இன்னும் பெரிய ஏற்பாடு. ஆணிவேர் இரண்டு மீட்டர் ஆழம் வரை இறங்கும். மணலின் மேற்பரப்பு கைவைக்க முடியாமல் கொதித்தாலும், தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே ஈரம் தட்டும். செடி வாழ்வது அந்த ஈரத்தில்தான்.

தலைப்பில் சொன்ன விஷயம் இப்போதுதான் வருகிறது. பிச்சர் திஸில் பல்லாண்டுத் தாவரம். ஆனால் நம் வீட்டுச் செம்பருத்தி போல ஆண்டுதோறும் பூக்கும் பல்லாண்டுத் தாவரம் இல்லை. விதை முளைத்த பிறகு, தரையோடு ஒட்டிய ஓர் இலைக்கொத்தாக மட்டும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பனிக்காலத்தில் இலைகள் காய்ந்துவிடும். வசந்தத்தில் வேரின் தலையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஒவ்வோர் ஆண்டும் அந்த வேருக்குள் கொஞ்சம் உணவைச் சேமிக்கும். இப்படி இரண்டு ஆண்டிலிருந்து எட்டு ஆண்டு வரைகூடப் போகும். பிறகு ஒரு கோடையில் தண்டு எழும், ஜூன் மாதத்திலிருந்து கோடை முடியும்வரை பூக்கும், விதை கட்டும், வேர் உட்பட மொத்தமாகச் செத்துப்போகும்.

இப்படி ஒருமுறை பூத்து மடியும் வாழ்க்கை நமக்குப் புதிதில்லை. மூங்கில் அப்படி. குடைப்பனை அப்படி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் அப்படித்தான். 2018இல் மூணாறில் பூத்த செடிகள் அதோடு முடிந்துபோயின, 2030இல் பூக்கப்போவது அவற்றின் பிள்ளைகள். ஆனால் குறிஞ்சிக்கும் பிச்சர் திஸிலுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. குறிஞ்சி நாள் குறித்தது போல ஒரே ஆண்டில் மலை முழுக்கப் பூக்கிறது. அத்தனை விதையையும் தின்றுதீர்க்க எந்தப் பூச்சிக்கும் பறவைக்கும் வயிறு இல்லை. தின்றது போக மிச்சம் முளைக்கும். கூட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அது. பிச்சர் திஸிலுக்கு அந்தக் கூட்டம் இல்லை. அது வயதைப் பார்த்துப் பூப்பதில்லை, உடம்பைப் பார்த்துப் பூக்கிறது. வேரில் போதுமான அளவு சேர்ந்துவிட்டால் பூக்கும், சேராவிட்டால் இன்னோர் ஆண்டு காத்திருக்கும். அதனால் ஒரு மேட்டில் நூறு செடி இருந்தால், ஒரு கோடையில் பூப்பவை சில மட்டுமே. அவை தனித்தனியாக நின்று, தங்கள் ஒரே வாய்ப்பைக் காற்றிலும் வெயிலிலும் வைத்துப் பார்க்கின்றன.

வேரிலிருந்து பக்கக்கன்று விடும் வழக்கமும் இதற்கு இல்லை. கனடா திஸிலின் வேர்த்துண்டு வித்தை இதற்குத் தெரியாது. விதை ஒன்றுதான் வழி. அந்த விதையும் ரொம்பத் தூரம் போவதில்லை. சிர்சியம் பேரினத்தின் அடையாளமே விதையின் தலையிலுள்ள பஞ்சுதான். கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் பறவையின் இறகுபோல இருபுறமும் கிளைத்திருக்கும். மஸ்க் திஸிலில் அந்தக் கிளை இருக்காது, வெறும் மயிர்தான். இரண்டையும் பிரித்தறிய இதைவிட நம்பகமான வழி இல்லை. எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதைப் பார்த்தவர்கள், இதுவும் அப்படி ஊர்கடந்து போகும் என்று நினைப்பார்கள். ஆனால் பிச்சர் திஸிலின் விதை பெரியது, கனமானது. பெரும்பாலானவை தாய்ச்செடியிலிருந்து நாலைந்து மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுகின்றன. பல நேரம் பஞ்சு மட்டும் பறந்துபோகும், விதை காலடியில் கிடக்கும். சிலநேரம் பூத்தலை காய்ந்து அப்படியே மணலில் சாய்ந்து, அதற்குள்ளேயே முளைப்பதும் உண்டு.

இந்த விதைக்குப் பங்காளிகள் நிறைய. கோல்ட்ஃபின்ச் என்ற மஞ்சள் குருவி மற்றப் பறவைகள் குஞ்சு பொரித்து முடித்த பிறகுதான் கூடு கட்டத் தொடங்கும். திஸில்கள் காய்க்கும் காலத்துக்காகக் காத்திருப்பதுபோல. திஸில் பஞ்சைக் கூட்டுக்குள் மெத்தையாக வைக்கும், விதையைத் தின்னும். தரையணில்களும் தின்னும். தேனீக்களுக்கு நடுக்கோடையில் மணல்மேட்டில் தேன் தரும் செடிகள் குறைவு. பிச்சர் திஸில் அவற்றில் முக்கியமானது. இதெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் கொடுக்கல் வாங்கல். செடி தாங்கிக்கொண்டுதான் இருந்தது.

தாங்கமுடியாதது பிறகு வந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, நெப்ராஸ்கா மாநிலம் வரை போய்வர வேண்டும்.

பிச்சர் திஸிலுக்கு மிக நெருங்கிய சொந்தம் பிளாட் திஸில். பேரேரிகளிலிருந்து வெகுதூரம் மேற்கே, நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் புல்வெளியில் வாழ்வது. பனியுகம் முடிந்து பனிப்பாளங்கள் பின்வாங்கிய காலத்தில் இதன் மூதாதைகள் திறந்த மணல்வெளிகள் வழியே கிழக்கே பரவி, ஏரிக்கரையில் தங்கித் தனி இனமாகப் பிரிந்தன என்பது ஆய்வாளர்கள் கருத்து. பிச்சர் திஸிலின் மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்பதும் இதற்கு ஒத்துப்போகிறது; கொஞ்சம் பேர் வந்து தொடங்கிய குடும்பத்தில் அப்படித்தானே இருக்கும்.

மஸ்க் திஸில் மேய்ச்சல் நிலங்களைக் கெடுத்ததால், அதை அடக்க ஐரோப்பாவிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்தார்கள். ரைனோசில்லஸ் கோனிகஸ் என்று பெயர். கனடாவில் 1968இலும் அமெரிக்காவில் 1969இலும் விட்டார்கள். தாய்வண்டு பூமொட்டின் வெளிச்செதில்களில் முட்டையிடும். புழு துளைத்து உள்ளே போய், விதையாக வேண்டியதைத் தின்னும். மருந்தடிக்காமல் களையைக் குறைக்கும் வழி என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. இந்த வண்டு சிர்சியம் பேரினச் செடிகளிலும் வாழும் என்பது முன்பே தெரியாத விஷயம் இல்லை. மஸ்க் திஸிலைத்தான் அதிகம் விரும்பும் என்று எண்ணினார்கள். அதைவிட முக்கியமாக, சொந்த மண்ணின் திஸில்களைக் காப்பாற்றவேண்டியவை என்று அன்று யாரும் பெரிதாக நினைக்கவில்லை. திஸில் என்றால் திஸில், அவ்வளவுதான்.

நெப்ராஸ்காவில் ஸ்வாட்டா லௌடா என்ற சூழலியலாளர், தன் ஆய்வுப் புல்வெளியை இந்த வண்டு எட்டுவதற்கு முன்பிருந்தே பிளாட் திஸிலை ஆராய்ந்துகொண்டிருந்தார். பூச்சிகளை விலக்கிவைத்தால் விதை கூடுகிறது, விதை கூடினால் நாற்றும் வளர்ந்த செடியும் கூடுகின்றன என்று சோதனையில் காட்டியிருந்தார். விதை கொஞ்சம் போனால் என்ன, செடி சமாளித்துக்கொள்ளும் என்ற பேச்சுக்கு அது நேரான பதில். 1993இல் அவர் ஆராய்ந்த புல்வெளியிலேயே இந்தக் கூன்வண்டு தென்பட்டது. மஸ்க் திஸில் அங்கே இல்லாவிட்டாலும் வண்டு வந்துவிட்டது. பிறகு பிளாட் திஸிலின் விதை மளமளவென்று சரிந்தது. 1997இல் சயன்ஸ் இதழில் அவரும் மற்றவர்களும் இதை வெளியிட்டபோது, பூச்சியை விட்டுக் களையை அடக்கும் உயிரியல் கட்டுப்பாட்டுத் துறையே அதிர்ந்தது. 2000இல் இந்த வண்டை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகும் அனுமதியை அமெரிக்க அரசு நிறுத்தியது. ஆனால் வண்டுக்கு அனுமதிச் சீட்டு எதற்கு? அதற்குத்தான் இறக்கை இருக்கிறதே.

பிளாட் திஸிலுக்கு நடந்தது பிச்சர் திஸிலுக்கும் நடக்கும் என்று பயந்துகொண்டிருந்தபோது, வந்தது இன்னொரு கூன்வண்டு: லாரினஸ் பிளானஸ். இது யாரும் அழைக்காமலே ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது. பிறகு கனடா திஸிலுக்கு எதிராக உதவும் என்று பல இடங்களில் வேண்டுமென்றே பரப்பினார்கள். கொலராடோவில் இது கனடா திஸிலைவிட அங்குள்ள சொந்தத் திஸில் ஒன்றைத்தான் அதிகம் தாக்கியது என்று 2002இல் லௌடா எழுதினார். 2012இல் சிகாகோ தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்களும் மற்றவர்களும், பிச்சர் திஸிலில் இது செய்யும் சேதத்தை வெளியிட்டார்கள். திறக்காத மொட்டில் தாய்வண்டு ஓட்டை போட்டு ஒரு முட்டை வைக்கும். ஒரே ஒரு புழு போதும், அந்தப் பூத்தலையின் விதை காலி.

ஆண்டுதோறும் பூக்கும் செடியாக இருந்தால், போன ஆண்டு போனால் போகட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று இருக்கும். ஆறேழு ஆண்டு வேரில் சேர்த்ததையெல்லாம் ஒரே கோடையில் எடுத்துவைக்கும் செடிக்கு அடுத்த ஆண்டு என்பதே கிடையாது. மண்ணில் விதைச் சேமிப்பும் நீண்டகாலம் இருப்பதில்லை. அதுவும் இந்தச் செடி தாக்குப்பிடிக்கக் கொடுத்த விலை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு முட்டை எவ்வளவு பெரிய திருட்டு என்று தெரியும்.

உயிரியல் கட்டுப்பாடே தவறு என்று நான் சொல்லவரவில்லை. சப்பாத்திக்கள்ளி ஒருகாலத்தில் தென்னிந்தியாவில் விளைநிலத்தையும் தரிசையும் விழுங்கிக்கொண்டிருந்தது. 1926இல் இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள்; கள்ளிமீது வெள்ளைப் பஞ்சாக அப்பிச் சாறு உறிஞ்சும் பூச்சி. சில ஆண்டுகளில் கள்ளி அடங்கியது. அந்தப் பூச்சி வேறு எதையும் கெடுக்கவில்லை, ஏனென்றால் சப்பாத்திக்கள்ளிக்கு நம் மண்ணில் சொந்தக்காரச் செடி இல்லை. நாம் திருகுகள்ளி, சதுரக்கள்ளி என்பதெல்லாம் ஆமணக்குக் குடும்பம். வட அமெரிக்காவிலோ மஸ்க் திஸிலுக்கும் கனடா திஸிலுக்கும் உறவினர்கள் அறுபதுக்கும் மேல். பூச்சிக்கு எது களை, எது காக்கவேண்டிய செடி என்று எப்படித் தெரியும்?

பிச்சர் திஸிலுக்கு வண்டு மட்டும் பகை இல்லை. மணல் அசையாமல் உறைந்துபோவதும் பகைதான். மணல்மேட்டில் புல் நெருங்கி, புதர் வந்து, மரம் வந்துவிட்டால் இதற்கு இடம் இல்லை. இந்த வரிசையை ஹென்றி கௌல்ஸ் என்பவர் 1899இலேயே மிச்சிகன் ஏரி மணல்மேடுகளில் ஆராய்ந்து எழுதினார். செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறுவதைப் பற்றிய அறிவியலுக்கே அது அடித்தளமாயிற்று. காற்று எங்கோ ஒரு மேட்டைக் குடைந்து புது மணலைத் திறந்தால், பக்கத்துச் செடியின் விதை அங்கே போய் முளைக்கும். பழைய இடம் மூடும், புதிய இடம் திறக்கும். கரையில் வீடும் சாலையும் தடுப்புச் சுவரும் வந்து மணலைக் கட்டிப்போட்டால், மூடுவது மட்டும் நடக்கும், திறப்பது நடக்காது. அதற்காக எவ்வளவு அசைந்தாலும் நல்லது என்றும் இல்லை. மிச்சிகன் ஏரியின் நீர்மட்டம் 2013 ஜனவரியில் பதிவான வரலாற்றிலேயே மிகக் கீழே போனது. 2020இல் மாதாமாதம் உச்சத்தைத் தொட்டுக் கரைமேடுகளை அரித்தது.

அப்புறம் இன்னொரு பகை, நமக்கு நன்றாகத் தெரிந்த முகம். கல்யாண வரவேற்பில் பொக்கே கொடுக்கும்போது ரோஜாக்களுக்கு நடுவே பொடிப்பொடியாக வெள்ளைப் பூ வைப்பார்களே, ஜிப்சோஃபிலா. அதில் ஒரு பல்லாண்டு இனம் தோட்டத்திலிருந்து தப்பி, மிச்சிகன் மணல்மேடுகளில் பந்து பந்தாகப் பரவிக் கிடக்கிறது. அதன் வேர் பிச்சர் திஸிலின் வேரைவிட ஆழம் போகும். தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு போய் வேரை வெட்டுகிறார்கள்.

அமெரிக்க அரசு 1988இல் பிச்சர் திஸிலை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலில் சேர்த்தது. இல்லினாய் மாநிலத்தில் அது அப்போது அறவே இல்லாமல் போயிருந்தது. 1991 முதல் இல்லினாய் பீச் மாநிலப் பூங்காவில் மறுபடி நட்டு வளர்க்கிறார்கள். இன்று அதிகச் செடிகள் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில்தான். கனடாவில் ஒன்டாரியோவின் மனிட்டூலின் தீவில் நிறைய உண்டு; எண்ணிக்கை தேறியதால் 2010இல் கனடாவின் மதிப்பீட்டுக் குழு அதை அழியும் நிலையிலிருந்து இரண்டு படி கீழே இறக்கியது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான்.

டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் இருக்கும் நம்மவர்கள் கோடை விடுமுறையில் குழந்தைகளோடு ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகளுக்கும் இண்டியானா டூன்ஸ் தேசியப் பூங்காவுக்கும் போகிறார்கள். மேட்டிலிருந்து குதித்து ஓடிவருவது குழந்தைகளுக்குப் பெரிய குஷி. போகிறவர்கள் ஒன்று கவனிக்கலாம். நடைபாதையை ஒட்டிய மணலில், கையகலத்திலிருந்து முறத்தளவு வரை, சாம்பல் பூசியது போன்ற ஒடுங்கிய இலைகள் நட்சத்திரமாக விரிந்து கிடந்தால், அது ஏதோ காய்ந்த களை இல்லை. இலையின் கீற்று ஒடுங்கியிருக்கிறதா, மேலும் கீழும் வெள்ளை மயிர் இருக்கிறதா, முள் நுனியில் மட்டும்தானா என்று பாருங்கள். மூன்றும் ஆம் என்றால் அது பிச்சர் திஸில். உங்களோடு வந்த குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்த ஆண்டு முளைத்து, இன்னும் பூக்காமல் வேரில் சேர்த்துக்கொண்டிருக்கும் செடியாகவும் இருக்கலாம்.